புது லேப்டாப்பை எப்போதும் சார்ஜரிலேயே வைக்கலாமா? பேட்டரி ஆயுளைக் குறைக்கும் பழக்கங்கள் என்னென்ன?

“புது லேப்டாப்பா? முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும்.”

“ஜீரோ வர்ற வரைக்கும் யூஸ் பண்ணிட்டு அப்புறமா சார்ஜ் போடு. இல்லேன்னா பேட்டரி போயிடும்.”

“எப்பவும் பிளக்லயே வச்சிரு, ஒண்ணும் ஆகாது.”

புதிதாக லேப்டாப் வாங்கும் எல்லோருமே இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் வேறொன்று சொல்வார். யார் சொல்வது சரி?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் இருக்கிறது. 2011-ல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டபோது, பல வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு மாணவருக்கு லேப்டாப் ஒருமுறைதான் கிடைக்கும். ஆனால் படிப்போ மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடும்.

சொந்தக் காசில் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். லேப்டாப்புக்கு எத்தனை ஆண்டு வாரண்டி இருந்தாலும், பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டுதான். பயன்படுத்தப் பயன்படுத்தத் திறன் குறைவது ‘இயல்பான தேய்மானம்’ என்ற கணக்கில் போய்விடும். கடைசி ஆண்டு புராஜெக்ட் நேரத்தில் பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை என்றால், பல ஆயிரம் ரூபாய் செலவு தலையில் விழும்.

அப்படியானால் சார்ஜ் எப்படிப் போட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ்: அவசியமா?

தேவையில்லை. இந்த அறிவுரை பழைய நிக்கல் வகை பேட்டரிகளின் காலத்தில் இருந்து வந்தது. நிக்கல்-காட்மியம் பேட்டரியை முதலில் நன்றாகச் சார்ஜ் செய்து ‘தயார்’ செய்ய வேண்டியிருந்தது. பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால், அந்தப் பாதி அளவையே தன் முழுத் திறன் என்று எடுத்துக்கொள்வது போன்ற சிக்கலும் அதில் உண்டு. ‘மெமரி எஃபெக்ட்’ என்பது இதுதான். ஜீரோ வரை பயன்படுத்தச் சொன்னதும் இதனால்தான்.

இன்றைய லேப்டாப்களில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வகை பேட்டரியில் மெமரி எஃபெக்ட் ஒரு பிரச்சினையே இல்லை. எந்த அளவில் வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், எந்த அளவிலும் எடுக்கலாம்.

பேட்டரி மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அறிவுரை மட்டும் மாறவில்லை. புது லேப்டாப்பை வாங்கியதும் சார்ஜரில் போட்டபடியே ஆன் செய்து, அப்டேட்களை முடித்துப் பயன்படுத்தத் தொடங்கலாம்.

பேட்டரி ஏன் தேய்கிறது?

லித்தியம்-அயன் பேட்டரிக்குள் இரண்டு முனைகள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும். நாம் பயன்படுத்தும்போது திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் உள்ளேயே வேதிவினையில் சிக்கி, திரும்பி வராமல் போய்விடும். அப்படிச் சிக்கியது சிக்கியதுதான். பேட்டரி ‘வயசாகிறது’ என்பது இதைத்தான்.

இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும் விஷயங்கள் முக்கியமாக மூன்று. ஒன்று, வெப்பம். இரண்டு, நீண்ட நேரம் 100 சதவீதத்திலேயே நிற்பது. மூன்று, ஒவ்வொரு முறையும் முழுதாகக் காலி செய்வது.

பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தாலும் முதல் இரண்டும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். “நான் அதிகமா யூஸே பண்ணலையே, ஏன் பேட்டரி போச்சு?” என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

எப்போதும் பிளக்கிலேயே இருந்தால் ‘ஓவர் சார்ஜ்’ ஆகுமா?

ஆகாது. 100 சதவீதம் வந்ததும் லேப்டாப்பில் உள்ள கட்டுப்பாட்டு சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். அதன்பிறகு சார்ஜரில் இருந்து வரும் மின்சாரத்திலேயே லேப்டாப் ஓடும். இரவு முழுக்க பிளக்கில் இருந்தாலும் பேட்டரிக்குள் கூடுதலாக எதுவும் திணிக்கப்படாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 100 சதவீதம் என்றால் பேட்டரி தன் உச்ச மின்னழுத்தத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வழக்கமான ஒரு லித்தியம்-அயன் செல்லுக்கு இது 4.2 வோல்ட். இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்ட் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் அப்படி இருந்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் தளர்ந்துவிடும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் ‘பேட்டரி யுனிவர்சிட்டி’ தளம், லித்தியம்-அயன் பேட்டரியை ஓர் ஆண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் எவ்வளவு திறன் மிஞ்சும் என்று ஓர் அட்டவணை தருகிறது.

25 டிகிரி செல்சியஸில், 40 சதவீதச் சார்ஜில் வைத்தால்: 96 சதவீதம் மிஞ்சும்.
25 டிகிரியில், 100 சதவீதச் சார்ஜில் வைத்தால்: 80 சதவீதம்.
40 டிகிரியில், 40 சதவீதச் சார்ஜில் வைத்தால்: 85 சதவீதம்.
40 டிகிரியில், 100 சதவீதச் சார்ஜில் வைத்தால்: 65 சதவீதம்.

முதல் வரியையும் கடைசி வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 4 சதவீத இழப்பு. இன்னொரு பக்கம் 35 சதவீத இழப்பு. இத்தனைக்கும் லேப்டாப்பில் ஒரு வேலைகூடச் செய்யவில்லை!

இது பொதுவான கணக்குதான். மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் மாற்றம் இல்லை. வெப்பமும் முழுச் சார்ஜும் ஒன்று சேர்வதுதான் பேட்டரிக்கு மிக மோசமான நிலை.

நம்ம ஊர் வெயிலில் என்ன ஆகும்?

மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தலாம் என்பது ஆப்பிள் நிறுவனத்தின் பரிந்துரை. கத்திரி வெயில் காலத்தில் வேலூர், கரூர், மதுரை போன்ற ஊர்களில் வெளியே 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. ஏசி இல்லாத அறையில், சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள ஹாஸ்டல் ரூமில் வெப்பம் எப்படி இருக்கும் என்பது அங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வெப்பம் அறையின் வெப்பத்தைவிட எப்போதுமே அதிகம்.

எல்லோராலும் ஏசி போட முடியாது. ஆனால் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

மெத்தை, தலையணை, போர்வை மேல் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்களில் காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கும். அது அடைபட்டால் உள்ளே சூடு ஏறும். ஒரு பரீட்சை அட்டை, மரப்பலகை அல்லது தட்டையான மேசை போதும்.

வெயிலில் நிறுத்திய கார், பைக் பெட்டி, ஜன்னல் ஓரம் ஆகிய இடங்களில் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. மூடியை மூடினாலே லேப்டாப் ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து, அப்படியே பேக்கில் வைத்துவிடுகிறார்கள். மூடினால் அது ‘ஸ்லீப்’ நிலைக்குத்தான் போகும். இன்றைய பல மாடல்கள் ஸ்லீப்பிலும் இடையிடையே விழித்துக்கொண்டு அப்டேட் தேடும். காற்றோட்டம் இல்லாத பேக்குக்குள் சூடு ஏறும், சார்ஜும் குறையும். கல்லூரி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிறவர்கள் ஷட் டவுன் செய்துவிட்டுப் பேக்கில் வைப்பது நல்லது.

20-80 விதி: உண்மையா, கட்டுக்கதையா?

‘20-க்குக் கீழே போக விடாதே, 80-க்கு மேலே ஏற விடாதே’ என்பது இப்போது இணையத்தில் அதிகம் சுற்றும் விதி. அடிப்படை சரிதான். ஆனால் இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் ‘சைக்கிள்’ என்றால் என்ன? பிளக்கில் சொருகும் ஒவ்வொரு முறையும் ஒரு சைக்கிள் அல்ல. மொத்தமாக 100 சதவீதம் செலவானால்தான் ஒரு சைக்கிள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒன்று. அடிக்கடி சொருகி எடுத்தால் சைக்கிள் ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம்.

பேட்டரி யுனிவர்சிட்டி தரும் இன்னொரு அட்டவணைப்படி, ஒவ்வொரு முறையும் 100 சதவீதம் காலி செய்தால், பேட்டரியின் திறன் 70 சதவீதமாகக் குறைவதற்குள் சுமார் 300 முறை சார்ஜ் போடலாம். ஒவ்வொரு முறையும் 40 சதவீதம் மட்டும் பயன்படுத்தினால் சுமார் 1,000 முறை. 20 சதவீதம் மட்டும் என்றால் சுமார் 2,000 முறை.

“அப்போ ஏழு மடங்கு ஆயுளா?” என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 20 சதவீதம் வீதம் 2,000 முறை என்றால், மொத்தத்தில் 400 முழுச் சார்ஜுக்குச் சமம். முழுதாகக் காலி செய்தபோது கிடைத்தது 300. ஆக, உண்மையான லாபம் மூன்றில் ஒரு பங்குதான். நல்ல லாபம்தான், ஆனால் ஏழு மடங்கு கிடையாது.

இதிலிருந்து தெரிவது இதுதான். 20 சதவீதம் வந்துவிட்டதே என்று பதறி ஓட வேண்டியதில்லை. எப்போதாவது 5 சதவீதம் வரை போனாலும் பேட்டரி செத்துவிடாது. வெளியூர் போகும் நாளில் 100 வரை ஏற்றுவதும் தப்பில்லை. தினமும் 100-லேயே, அதுவும் சூட்டிலேயே வைத்திருக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

80-ல் நிறுத்த யார் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது?

யாரும் உட்கார வேண்டாம். பல லேப்டாப்களில் இதற்கான செட்டிங் ஏற்கெனவே இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

லெனோவா: ‘வான்டேஜ்’ ஆப்பில் ‘கன்சர்வேஷன் மோட்’.
ஏசுஸ்: ‘மை ஏசுஸ்’ ஆப்பில் ‘பேட்டரி கேர்’ பகுதி.
ஏசர்: ‘கேர் சென்டர்’ அல்லது ‘ஏசர்சென்ஸ்’ ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி.
டெல்: டெல் நிறுவனத்தின் பவர் செட்டிங் ஆப்பிலோ பயாஸிலோ ‘பிரைமரிலி ஏசி யூஸ்’ அல்லது ‘கஸ்டம்’. ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தினால் பயாஸ் திறக்கும்.
எச்பி: பல மாடல்களில் பயாஸுக்குள் ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’. ஆன் செய்யும்போது எஃப்10.
மேக்புக்: 2020 முதல் ‘ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்’. நம் பழக்கத்தைக் கவனித்து, தேவைப்படும்போது 80-ல் நிறுத்திவைக்கும்.

எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயரும் மாடலுக்கு மாடல் மாறலாம். வசதி இல்லாத லேப்டாப் என்றால், வேலை முடிந்ததும் பிளக்கை எடுத்துவிடுவதே போதும்.

80-ல் நிறுத்தினால் கரண்ட் போகும்போது என்ன செய்வது?

நியாயமான கேள்வி. 50 வாட்-ஹவர் பேட்டரி, சாதாரண வேலைக்கு 10 வாட் எடுத்துக்கொள்ளும் லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சார்ஜில் 5 மணி நேரம் வரும். 80 சதவீதத்தில் 4 மணி நேரம். அதாவது நாம் விட்டுக்கொடுப்பது ஒரு மணி நேரம்.

பேட்டரி திறன் 20 சதவீதம் குறைந்துவிட்டால், முழுச் சார்ஜ் போட்டாலும் அதே 4 மணி நேரம்தான் வரும். இன்று நாமே விட்டுக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தை, நாளை தேவைப்படும்போது 100 வரை ஏற்றித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தேய்ந்துபோன பேட்டரி பறித்த ஒரு மணி நேரம் திரும்பி வராது.

இது எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. பெரும்பாலும் மேசையில் பிளக் அருகிலேயே வேலை செய்பவர்கள் 80 சதவீத வரம்பைத் தாராளமாகப் போட்டுவைக்கலாம். அடிக்கடி மின்தடை வரும் ஊரில் இருப்பவர்கள், வகுப்பில் பிளக் பாயிண்ட் கிடைக்காத மாணவர்கள், ஒரே பிளக்கை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் ஹாஸ்டலில் இருப்பவர்கள் 100 வரை ஏற்றித்தான் ஆக வேண்டும். அவர்கள் முழுச் சார்ஜை கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு முடியும்படி பார்த்துக்கொண்டால் போதும். லேப்டாப் இருப்பது பயன்படுத்தத்தான், பேட்டரியைப் பாதுகாக்க அல்ல.

போன் சார்ஜர் போடலாமா?

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால், நல்ல தரமான டைப்-சி சார்ஜரைப் போடுவதால் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. ‘யுஎஸ்பி பவர் டெலிவரி’ முறையில் எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று லேப்டாப்பும் சார்ஜரும் பேசி முடிவு செய்துகொள்ளும். ஆனால் 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 18 வாட் போன் சார்ஜர் போட்டால், சார்ஜ் ரொம்ப மெதுவாக ஏறும். வேலை செய்துகொண்டே இருந்தால் சார்ஜ் இறங்கவும் செய்யலாம். சில மாடல்கள் ஏற்கவே மறுக்கும்.

இனி பல லேப்டாப்கள் டைப்-சிக்கு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது.

ஒரிஜினல் சார்ஜர் தொலைந்துபோனால், தெருவோரம் கிடைக்கும் மலிவான டூப்ளிகேட் வேண்டாம். இந்தியாவில் விற்கப்படும் அடாப்டர்களில் பிஐஎஸ் பதிவு கட்டாயம். பதிவு முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது?

இரண்டு மாதம் தொட மாட்டோம் என்றால், பாதிச் சார்ஜில் வைத்து, முழுதாக ஷட் டவுன் செய்து, சூடு இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். 50 சதவீதத்தில் வைப்பதுதான் ஆப்பிள் நிறுவனத்தின் பரிந்துரையும். ஜீரோவில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி மேலும் இறங்கி, பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கொள்ளும். பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம்.

என் பேட்டரி இப்போது எப்படி இருக்கிறது?

விண்டோஸ் லேப்டாப்பில் இதை ஒரே நிமிடத்தில் பார்க்கலாம். ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ திறந்து, ஆங்கிலத்தில் ‘பவர்சிஎஃப்ஜி’ (பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகள்), ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் அழுத்த வேண்டும். ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதும் திரையிலேயே வரும்.

அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 42,000 என்றால், மிச்சம் இருப்பது 84 சதவீதத் திறன். புது லேப்டாப் வாங்கிய வாரத்திலேயே இந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வாரண்டி காலத்துக்குள் திடீரென்று பெரிய சரிவு வந்தால், சர்வீஸ் சென்டரில் காட்ட ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருவது, லேப்டாப்பின் அடிப்பகுதி புடைப்பது, மூடி சரியாக மூடாமல் போவது. இவை பேட்டரி உப்பியதற்கான அறிகுறிகள். இப்படி இருந்தால் சார்ஜ் போடவே கூடாது. அழுத்தவோ, ஊசியால் குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சுவிட்ச் ஆஃப் செய்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருக்கிறது.

சுருக்கமாக...

* முதல் நாள் 8 மணி நேரச் சார்ஜ் தேவையில்லை. ஜீரோ வரை இறக்கவும் தேவையில்லை.
* பிளக்கிலேயே வைத்து வேலை செய்பவர்கள் 80 சதவீத வரம்பை ஆன் செய்யுங்கள்.
* வெளியே போகும் நாளில் 100 வரை ஏற்றலாம். தயங்க வேண்டாம்.
* மெத்தை மேல், வெயிலில், மூடிய பேக்குக்குள் லேப்டாப்பைச் சூடாக விடாதீர்கள்.
* நீண்ட விடுமுறைக்குப் பாதிச் சார்ஜ், முழு ஷட் டவுன்.
* பேட்டரி உப்பினால் உடனே நிறுத்துங்கள்.

எந்தப் பேட்டரியும் என்றைக்கும் புதிதாகவே இருக்காது. ஆனால் அது மூன்றாம் ஆண்டு வைவா வரை தாங்குமா, இல்லை இரண்டாம் ஆண்டிலேயே பிளக் பாயிண்ட் தேடி ஓட விடுமா என்பதில் நம் பழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. இன்றைக்கே லேப்டாப் செட்டிங்கில் இரண்டு நிமிடம் செலவு செய்து பார்த்துவிடுங்கள்.